எண்பத்தேழாம் கணக்கு

5 ஜூன், திங்கள்

காலை சர்க்கரை 148. மோட்டார் ஓடவில்லை. கண்டன்சர் போயிருக்கும் என்கிறான் எலக்ட்ரீஷியன். அவனிடம் எதைக் காட்டினாலும் கண்டன்சர்தான்.

பத்து மணிக்குப் பழைய மாணவன் ஒருவன் வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினான். "சார், இது நம்ம புக்குல உள்ள கணக்குதானே?" என்று கீழே ஒரு வரி. சென்னையில் ஏதோ ஒரு பயிற்சி நிறுவனம் பத்தாம் வகுப்புக்குச் செயலி நடத்துகிறது. அதில் என் 'கரையோரக் கணக்குகள்' அப்படியே கிடக்கிறது. உப்பளம், வள்ளம், கருவாட்டுச் சந்தை, கலங்கரை விளக்கத்தின் உயரம் எல்லாம் இருக்கிறது. வரிசை எண்கூட மாறவில்லை. என் பெயரை மட்டும் காணோம்.

இருபத்துநான்கு வருடமாக விற்கும் புத்தகம். தெற்கே எந்தப் பள்ளியில் போய் 'கடல் கணக்கு சார்' என்று கேட்டாலும் அருப்புக்கோட்டை சங்கரபாண்டியனைத்தான் கைகாட்டுவார்கள். ஓய்வு பெற்று மூன்று வருடமாகியும் பஸ் ஸ்டாண்டில் வணக்கம் வைக்கிறார்கள். அந்தப் பெயரை அல்லவா வழித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள், திருட்டுப் பயல்கள். 

வேலுத்தாயிடம் சொன்னேன். என் மனைவி எந்தச் செய்தியையும் உளுந்து களைந்துகொண்டேதான் கேட்பாள். "போனாப் போகுது விடுங்க. புக்கு போட்டு எம்புட்டு வருசமாச்சு" என்றாள். மானம் சம்பந்தப்பட்ட விஷயம் அவளுக்குப் புரியாது.

7 ஜூன், புதன்

மதுரை போய்வந்தேன். வக்கீல் பெயர் சபீனா, முப்பத்தைந்து வயதிருக்கும். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டுச் சட்டம் படித்தவராம். அதைக் கேட்டதுமே நூற்றுக்கு ஐம்பது போட்டுவிட்டேன். மீதி ஐம்பது வேலையைப் பார்த்து.

"கணக்குப் போடுற முறை யாருக்கும் சொந்தமில்ல சார். வேகம், நேரம், தூரம்னா ஊரு பூராவும் ஒண்ணுதான். ஆனா அதைச் சொன்ன விதம் இருக்குல்ல, அந்த வள்ளம், அந்த உப்பளம், எதுக்குப் பின்னாடி எதுன்னு வச்ச வரிசை, அதுக்குத்தான் காப்புரிமை. அது எழுதுனவங்க சொத்து."

"நான் எங்கயும் ரிஜிஸ்டர் பண்ணலையேம்மா."

"பண்ணியே ஆகணும்னு இல்ல. பண்ணியிருந்தா கோர்ட்ல காட்ட வசதி, அவ்வளவுதான். எழுதி முடிச்ச அந்த நிமிஷமே உரிமை வந்துருது. எழுதுனவங்க ஆயுசு பூரா இருக்கும், அதுக்கப்புறமும் அறுபது வருஷம்."

இது எனக்குப் புதுச் செய்தி. திரும்பும்போது பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன்.

முதலில் நோட்டீஸ் அனுப்பலாம், பிறகு வழக்கு என்று முடிவாயிற்று. கிளம்பும்போது அந்தப் பெண் சாதாரணமாகத்தான் கேட்டார். "சார், நீங்க அருப்புக்கோட்டைக்காரரு. இவ்வளவு கடல் எங்கருந்து வந்துச்சு?"

"வீட்டுல தூத்துக்குடிப் பக்கம்" என்றேன்.

வேலுத்தாயின் ஊர் ராஜபாளையம். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. வெயில் அதிகம்.

9 ஜூன், வெள்ளி

வக்கீல் போன் செய்தார். புத்தகத்தையும் செயலியையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கணக்காகப் போட்டுப் பார்த்தாராம். இருநூற்று நாற்பதையும்!

"சார், நல்ல சேதி. எண்பத்தேழாவது கணக்குல விடை தப்பு. அவங்களும் அதே தப்பப் போட்டிருக்காங்க."

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அதிகாலை நான்கு மணிக்கு ஒரு பாய் வள்ளம் மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் கரையிலிருந்து கிளம்புகிறது. ஆறு மணிக்கு ஒரு விசைப்படகு அதே வழியில் 10 கி.மீ. வேகத்தில் கிளம்புகிறது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் படகு வள்ளத்தைப் பிடிக்கும்? விடை 24 கி.மீ. என்று இருக்கிறது.

"அச்சுப் பிழையா இருக்கும்மா" என்றேன்.

"இருபத்திரண்டு பதிப்புலயுமா சார்?" என்று சிரித்தார். "எதுவா இருந்தாலும் நமக்கு லாபம்தான். சரியான விடை ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரலாம். ஒரே தப்பு ரெண்டு பேருக்கும் வராது. காப்பியடிச்சவன் மாட்டுறது எப்பவும் தப்புலதான், உங்களுக்குத் தெரியாததா? உங்க கையெழுத்துப் பிரதி இருந்தா எடுத்துட்டு வாங்க. அதுலயும் இருபத்துநாலுன்னு இருந்துட்டா வேற சாட்சியே வேண்டாம்."

சரியான விடை என்ன என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அதற்குள் மோட்டாருக்கு ஆள் வந்துவிட்டான். கண்டன்சர்தானாம்.

12 ஜூன், திங்கள்

பரணில் ஏறினேன். வேலுத்தாய் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். நான்கு நோட்டுகள், பழுப்பு அட்டை, நூல்கட்டு இன்னும் அவிழவில்லை. கரையான் தொடாதது ஆச்சரியம்.

கீழே கொடுத்தபோது மேல்நோட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இது அந்த சகாயராணி டீச்சரு நோட்டுல்ல?" என்றாள்.

அடுப்பில் பால் பொங்குவதைப் போய்ப் பார்க்கச் சொன்னேன்.

எண்பத்தேழாம் கணக்கு இரண்டாம் நோட்டில் இருக்கிறது. விடை இருபத்துநான்குதான். பக்கத்தில் ஓரத்தில் பென்சிலால் ஏதோ எழுதியிருக்கிறது. பழைய பென்சில், மங்கிவிட்டது.

13 ஜூன், செவ்வாய்

கடைக்குப் போனேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, கொசுவர்த்தி, சர்க்கரை மாத்திரை ஒரு அட்டை, ரப்பர் ஒன்று.

15 ஜூன், வியாழன்

சென்னைக்காரர்களின் பதில் மின்னஞ்சலில் வந்திருக்கிறது. வக்கீல் அனுப்பி வைத்தார். 'கணக்கு எல்லோருக்கும் பொது. ஒரே மாதிரியான கணக்குகள் பலருக்கும் தோன்றலாம். எங்கள் ஆசிரியர்கள் இவற்றைச் சுயமாகவே தயாரித்தனர்.'

என்ன நெஞ்சழுத்தம்! அடுத்தவர் எழுதியதை எடுத்துக்கொண்டு, எழுதியவருக்கே பாடம் நடத்துகிறார்கள். படித்ததும் செல்போனைக் கட்டிலில் எறிந்தேன்.

இந்த வாக்கியத்தை எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறது. 

16 ஜூன், வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். முப்பது வருடமாக இந்த டைரியில் மழை அளவுகூடத் தப்பாக எழுதியதில்லை என்று பெருமை பேசியிருக்கிறேன்.

வக்கீல் நோட்டுகளைப் புரட்டினார். "கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு. உங்களுதா சார்?"

"கூட வேலை பாத்த ஒரு டீச்சர் படி எடுத்துக் குடுத்தாங்க. என் எழுத்து கோழி கிறுக்குன மாதிரி இருக்கும்" என்றேன். தடுமாறவே இல்லை. ஏற்கெனவே ஒருமுறை சொன்ன பொய் என்பதால் தானாகவே வந்தது.

"அப்ப அவங்ககிட்ட ஒரு பிரமாணப் பத்திரம் வாங்கிரலாமே. 'சார் எழுதுனத நான் படி எடுத்தேன்'னு நாலு வரி போதும்" என்று சொல்லிக்கொண்டே எண்பத்தேழாம் கணக்குக்கு வந்தார். நின்றுவிட்டார். ஓரத்தில் விரலை வைத்துத் தடவினார். எழுந்து ஜன்னலுக்குப் போய் நோட்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தார்.

ரப்பர் கரியைத்தான் அழிக்கும். பென்சில் அழுத்திய பள்ளம் தாளிலேயே இருக்கும். முப்பத்தைந்து வருடம் விடைத்தாள் திருத்தியவனுக்கு இது தெரியாதா? அழித்து எழுதிய எத்தனை பையன்களின் தாளை இதே மாதிரி ஜன்னலில் பிடித்துப் பார்த்திருக்கிறேன்.

அவர் மெதுவாக வாசித்தார். "'இந்த விடையில் சந்தேகம். சார் போட்டுப் பார்க்கவும்.'" நோட்டை மூடி மேசையில் வைத்தார். "இதுல 'சார்'ங்கறது யாரு சார்?"

 மேலே காற்றாடி சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் குரல் கோபமாக இல்லை, அதுதான் தாங்கவில்லை. "நீங்க எங்கிட்ட சொல்றது எதுவும் இந்த ரூமத் தாண்டாது. ஆனா பொய்னு தெரிஞ்ச ஒண்ண நான் கோர்ட்ல குடுக்க மாட்டேன். 'இந்த நூலை நான் மட்டுமே எழுதினேன்'னு நீங்க கையெழுத்துப் போடணும். பொய்ச் சத்தியம் தனிக் குற்றம். ரெண்டு நாள் யோசிங்க."

நோட்டுகளைப் பைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கினேன். என் மாணவி வயதுதான் அவருக்கு. திரும்பிப் பார்க்கவே கூசியது.

17 ஜூன், சனி

எழுதிவிடுகிறேன்.

சகாயராணி தூத்துக்குடிக்காரர். 1993இல் எங்கள் பள்ளிக்கு விடுப்புக்கால ஆசிரியையாக வந்தார். என் அடுத்த வகுப்பறை. பாடப்புத்தகக் கணக்கில் ரயில் ஓடியபோதெல்லாம் பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். இவர் கடலைக் கொண்டுவந்தார். கடலையே பார்த்திராத எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வள்ளம் எத்தனை மணிக்குக் கரை சேரும் என்று தெரிந்துகொள்வதற்காகவே கணக்குப் போட்டார்கள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். பொறாமையாக இருக்கும்.

97இல் அவருடைய அம்மாவுக்கு உடம்பு முடியாமல் ஊருக்குப் போனார். போகும்போது நான்கு நோட்டையும் என்னிடம் கொடுத்து, "விடையெல்லாம் ஒருவாட்டி போட்டுப் பாருங்க சார், அச்சுக்குக் குடுக்கலாமான்னு சொல்லுங்க" என்றார். நான் மூத்தவன், என் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

சிவகாசிப் பதிப்பாளர் அந்தச் சமயம் என்னிடம் ஒரு புத்தகம் கேட்டார். சொந்தமாக முயன்று பார்த்தேன். ஒன்பது கணக்கு வந்தது, ஒன்பதிலும் ரயில். நோட்டுகளை எடுத்துக்கொண்டு போனேன். பேர் என்ன போட என்று கேட்டார். என் பெயரைச் சொன்னேன். சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை.

அது மட்டுமில்லை. மிச்சத்தை இன்று எழுத முடியவில்லை.

18 ஜூன், ஞாயிறு

தூத்துக்குடி. ஞாயிறு பூசை முடிந்து சகாயராணி டீச்சர் வீட்டுக்கு வரும்வரை வாசலில் நின்றேன். ஐம்பது தாண்டிவிட்டது, முன்னந்தலை நரைத்திருக்கிறது, குடை பிடிக்கும் விதம் மட்டும் அதே பழையதுதான். என்னைப் பார்த்ததும் குடையை மடக்கினார்.

"வாங்க சார். உள்ள வாங்க, வெயிலு அடிக்குது."

காப்பி வந்தது. ஒரு தட்டில் முந்திரி மக்ரூன் வைத்தார். யாரோ நல்ல விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி. அதைத் தொட எனக்கு என்ன யோக்கியதை? "சர்க்கரை இருக்கு டீச்சர்" என்றேன்.

நோட்டுகளை மேசையில் வைத்தேன். அவர் நூல்கட்டை அவிழ்த்து நேராக இரண்டாம் நோட்டை எடுத்தார். தேடவே இல்லை, கை தானாக எண்பத்தேழுக்குப் போயிற்று. ஓரத்தைப் பார்த்தார்.

"அழிச்சிருக்கீங்க."

"ஆமா டீச்சர்."

"எப்ப?"

"செவ்வாக்கிழமை."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உண்மையாகவே சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மாவ ஆசுபத்திரியில வச்சிக்கிட்டு எழுதுன கணக்கு சார் இது. விடை சரியா வந்த மாதிரி இல்ல. உக்காந்து பாக்க நேரமில்ல. அதான் உங்களுக்கு எழுதி வச்சேன். நீங்க 'எல்லாவற்றையும் சரிபார்த்தேன்'னு லெட்டர் போட்டீங்க. புக்கு வந்ததும் மொதல்ல அதத்தான் பொரட்டுனேன். அட்டையில எம்பேரு இல்லங்கறதுகூட அப்புறந்தான். இருபத்துநாலுன்னே இருந்துச்சு. அப்பதான் அழுதேன் சார். எடுத்துக்கிட்டதுக்கு இல்ல. போட்டுக்கூடப் பாக்கலயேன்னு."

நான் காப்பித் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நான் அந்தப் புக்க வச்சித்தான் இன்னைக்கும் பாடம் நடத்துதேன். வருசா வருசம் பிள்ளைகள்ட்ட 'எண்பத்தேழுல விடை தப்பு, திருத்திக்குங்க'ம்பேன். 'புக்கு எழுதுன சாருக்கு ஒரு கடுதாசி போடலாமே டீச்சர்'னு கேக்கும்ங்க."

"நீங்க போட்டீங்களே" என்றேன். நேற்று எழுதாமல் விட்ட மிச்சம் இதுதான்.

அவர் எழுந்துபோய்ப் பீரோவிலிருந்து ஒரு உறையைக் கொண்டுவந்தார். 1999. அவர் பதிப்பாளருக்கு எழுதினார், பதிப்பாளர் என்னைக் கேட்டார், நான் சொன்னதைப் பதிப்பாளர் தட்டச்சு செய்து அவருக்கு அனுப்பினார். 'கணக்கு எல்லோருக்கும் பொது. ஒரே மாதிரியான கணக்குகள் பலருக்கும் தோன்றலாம். மேலும் திருமதி சகாயராணி ஆசிரியரின் நோட்டுகளைப் படி எடுத்துக் கொடுத்தவர் மட்டுமே.'

முதல் இரண்டு வாக்கியமும் எழுத்து மாறாமல் சென்னைக்காரர்கள் எனக்கு எழுதியதேதான். அவர்கள் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. திருடியவன் பேச வேண்டியது அவர்களுக்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்றேன். 

"மன்னிப்பு வீட்டுல பேசுற விசயம் சார். அத அப்புறம் பாப்போம். புக்குல பேரு மாறணும். அத எங்க போயிச் சொல்லணுமோ அங்க போயிச் சொல்லுங்க."

மக்ரூனை ஒரு பொட்டலமாகக் கட்டிக் கொடுத்துவிட்டார். "வீட்டுல அக்காவுக்குக் குடுங்க" என்று.

19 ஜூன், திங்கள்

வேலுத்தாயிடம் சொன்னேன். மக்ரூனை ஒரு கடி கடித்துவிட்டுக் கேட்டாள். "காப்பியடிச்சான்னு எத்தன பிள்ளைகள முழங்கால் போட வச்சிருப்பீங்க?"

எண்ணிப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

26 ஜூன், திங்கள்

சபீனா முழுவதையும் கேட்டார். 

"இந்த வழக்க இனிமே நான் உங்களுக்காக நடத்த முடியாது சார். அவங்களுக்காகவும் வர முடியாது, உங்க ரகசியம் எங்கிட்ட இருக்கு. ஆனா அவங்களுக்கு வழி இருக்கு. பொம்பளைங்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச சட்ட உதவி உண்டு. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல போயி மனுக் குடுத்தாப் போதும், வக்கீல் போட்டுக் குடுப்பாங்க. சென்னைக்காரங்க முதல் பிரதிவாதி."

"நான்?"

"நீங்க ரெண்டாவது."

தலையை ஆட்டினேன்.  வாதியாக வந்து ஏறிய படியில் பிரதிவாதியாக இறங்கினேன்.

இறங்குமுன் சபீனா வாசல்வரை வந்து, "நீங்களா வந்து சொன்னீங்க, அதையும் எழுதிக்குங்க உங்க டைரியில" என்றார். எழுதவா வேண்டாமா என்று யோசித்தேன். நானாக ஒன்றும் சொல்லவில்லை. தாளைச் சாய்த்துப் பிடித்தது அவர்தான்.

29 ஜூன், வியாழன்

பதிப்பாளருக்கு எழுதினேன். போனில் கத்தினார். சங்கத்துக்காரர்கள் ஆசிரியர் தினத்துக்கு என்னைப் பேச அழைத்திருந்தார்கள், வர முடியாது என்றும் ஏன் என்றும் சொன்னேன். செயலாளர் கேட்டுவிட்டு, "உடம்பு சரியில்லன்னு போட்டுக்கிறோம் சார்" என்றார். வேண்டாம், உள்ளதைப் போடுங்கள் என்றேன். சரி என்றார். போடமாட்டார்.

பஸ் ஸ்டாண்டில் ஒருவன் "கடல் கணக்கு சார்!" என்று ஓடி வந்து கும்பிட்டான். கும்பிடு வாங்கவும் முடியவில்லை, தடுக்கவும் முடியவில்லை.

10 ஜூலை, திங்கள்

தூத்துக்குடி கோர்ட் வளாகம். சகாயராணி டீச்சருக்கு ஒதுக்கிய வக்கீல் ஒரு வயதானவர், மூக்குப்பொடிக்காரர். டீச்சரின் நான்கு நோட்டையும் பட்டியல் போட்டு வாங்கிக்கொண்டார். என் பிரமாணப் பத்திரத்தை நானே எழுதி எடுத்துப்போயிருந்தேன். சிவப்பு மையால் வரிக்கு வரி அடித்துத் திருத்தினார். 'மிகுந்த வெட்கத்துடன்' என்று இருந்ததை அடித்து, "கோர்ட்டுக்கு உங்க வெக்கம் தேவையில்ல சார், விசயம் போதும்" என்றார்.

நான்காவது பத்தியில் மட்டும் பேனா நின்றது. வாய்விட்டு வாசித்தார்.

"'மேற்படி நூலை நான் எழுதவில்லை. அதில் எண்பத்தேழாம் கணக்கின் விடை தவறு. எழுதியவர் அதைச் சந்தேகப்பட்டு, போட்டுப் பார்க்கும்படி என்னிடம் கேட்டிருந்தார். இருபத்தாறு வருடங்களில் நான் அந்தக் கணக்கை ஒருமுறைகூடப் போட்டுப் பார்த்ததில்லை.'"

டீச்சர் பெஞ்சின் மறுமுனையில் குடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்க்கவில்லை.

"இது இருக்கட்டும்" என்று வக்கீல் பக்கத்தைத் திருப்பினார்.

நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது டீச்சர், "வாரேன் சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கம் நடந்தார்.

நாலரை மணிக்கு வீடு வந்தேன். சர்க்கரை 162. முகம் கழுவிவிட்டு, ஒரு வெள்ளைத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதை இங்கேயே எழுதி வைக்கிறேன்.

படகு கிளம்புமுன் வள்ளம் சென்ற தூரம்: 2 × 6 = 12 கி.மீ.
ஒரு மணி நேரத்தில் குறையும் இடைவெளி: 10 − 6 = 4 கி.மீ.
பிடிக்க ஆகும் நேரம்: 12 ÷ 4 = 3 மணி.
கரையிலிருந்து தூரம்: 3 × 10 = 30 கி.மீ.

இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வள்ளத்தின் பக்கமிருந்தும் போட்டேன். ஐந்து மணி நேரம், ஆறு கி.மீ. வேகம், அதுவும் முப்பதுதான்.

சரிபார்த்தேன், டீச்சர்.